கறுப்புப் பெட்டிகளோடு வளர்ந்தவர்கள்

கடற்படையில் மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்பே வதந்தி வந்துவிடும். கான்டீன் வரிசையில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் நிற்கும்போது யாராவது ஒரு பெண், "உங்க வீட்டுக்காரர் பேர் இந்தத் தடவை லிஸ்ட்ல இருக்காமே?" என்று கேட்பாள். காதில் விழாததுபோல் வீட்டுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பரண்மேல் இருக்கும் கறுப்புப் பெட்டிகளை அப்பா அண்ணாந்து பார்த்து எண்ணுகிற அந்த ஒரு பார்வை போதும்.

இந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி ராணுவக் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகரப் பெட்டிதான். கறுப்பு பெயின்ட், அதன்மேல் வெள்ளையில் பெயர், நம்பர், பதவி, போகவேண்டிய ஊர். அடுத்த மாற்றலில் பழைய ஊரின்மேல் கறுப்பு பூசிப் புது ஊரை எழுதுவார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அடியில் இருக்கும் ஊர்கள் மேடாகத் தெரியும். எங்களிடம் அப்படிப் பதினொரு பெட்டிகள் இருந்தன. என் மகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த புதிதில் அவள் விரலால் தடவிப் படித்த முதல் ஊர்ப்பெயர் விசாகப்பட்டினம். அவள் பிறந்த ஊர் அது. அங்கிருந்து நாங்கள் கிளம்பியபோது அவளுக்கு மூன்று வயது.

நான் பிறந்தது தாராவியில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். 1994இல் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தாதருக்கு வடக்கே சயான், தெற்கே மாட்டுங்கா என்று என் உலகம் நடந்தே முடிந்துவிடும் அளவில்தான் இருந்தது. புவியியல் தெரிந்தவர்கள் சிரிக்கவேண்டாம், சிறு வயதில் திசைகளை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். கணவர் கடற்படையில் எலெக்ட்ரிகல் பிரிவு மாலுமி. விசாகப்பட்டினம், 1998இல் ஜாம்நகர், 2001இல் போர்ட் பிளேர், 2003இல் கொச்சி, 2006இல் மும்பை. மகள் 1995இல் பிறந்தாள். மகன் 1999இல், ஜாம்நகரில். பதினொரு வயதுக்குள் மகள் பார்த்தது ஐந்து ஊர். தெலுங்கு வந்து போனது, குஜராத்தி வந்து போனது, கடைசியாக மலையாளம் வந்து நன்றாக ஒட்டிக்கொண்டது.

பள்ளிச் சேர்க்கையைப் பொறுத்தவரை அரசாங்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம்விட்டு இடம்போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளித் திட்டத்துக்கு 1962இல் ஒப்புதல் கிடைத்தது. மறு வருஷம் ராணுவ ரெஜிமென்ட்டுகள் நடத்திய 20 பள்ளிகளை எடுத்துக்கொண்டு 'சென்ட்ரல் ஸ்கூல்' என்று ஆரம்பித்தார்கள். இன்று கேந்திரிய வித்யாலயா என்ற பெயரில் நாடு முழுவதும் 1,200க்கும் மேல். கொச்சியில் பாதி முடித்த கணக்குப் பாடத்தின் மீதியை மும்பையில் முடிக்கலாம். ஒரே புத்தகம், ஒரே சீருடை, நடு வருஷத்திலும் இடம் உண்டு. அமெரிக்காவில் ராணுவப் பிள்ளைகள் மாநிலம் மாறும்போது மதிப்பெண்ணும் பாடமும் சிக்கலாகாமல் இருக்க மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் உருவானது 2008இல்தான். நாம் அதில் நாற்பத்தைந்து வருஷம் முந்திவிட்டோம்.

டி.சி. என்ற ஒரு தாளில் பள்ளி முழுவதும் அடங்கிவிடுகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். அடங்காதவை வீட்டுக்கு வந்துவிடும். பக்கத்து இருக்கைத் தோழி, பாட்டுப் போட்டிக்குப் பாதி பழகிய பாட்டு, பின்வாசலில் சோறு வைத்து வளர்த்த பூனை. இதற்கெல்லாம் எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.

இதைத் தவிர்க்க நம் ஊர்களில் பழைய வழி ஒன்று இருக்கிறது. அப்பா மட்டும் போவார், அம்மாவும் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம். வீட்டுக்கு வீடு சிப்பாய்கள் என்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் பல தலைமுறைகளாக இதுதான் நடைமுறை. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பார்கள், அப்பா வருஷத்துக்கு இரண்டு முறை டிரங்குப் பெட்டியோடு வரும் விருந்தாளி.

கொச்சியிலிருந்து கிளம்பப்போகிறோம் என்று தெரிந்ததும் என் அம்மா தாராவியிலிருந்து போன் பண்ணிச் சொன்னதும் இதைத்தான், கொஞ்சம் மாற்றி. "பொட்டப்பிள்ளைய எதுக்குட்டி இப்பிடி ஊர் ஊரா இழுத்தடிக்க? எங்கிட்ட விட்டுரு. பத்தாவது முடிக்கட்டும். அதுக்கு அப்புறம் நீங்க அந்தமானுக்குப் போங்க, அண்டார்டிகாவுக்குப் போங்க." அண்டார்டிகாவை அம்மா டி.வி.யில் தெரிந்துகொண்டிருந்தாள். மும்பைக்கே வருகிறோம் என்பதால் அந்த யோசனைக்கு அப்போது அவசரம் இல்லை. ஆனால் மும்பையும் மூன்று வருஷம்தானே. அதன்பின் என்ன என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நானும் கணவரும் பல இரவுகள் பேசினோம். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வந்துவிட்டால் பள்ளி மாறுவது சுலபமில்லை. வாரியத்தின் பதிவெல்லாம் ஒன்பதிலும் பதினொன்றிலுமே நடந்துவிடும். பல குடும்பங்கள் அந்த இரண்டு வருஷங்களுக்காகத் தங்கவைக்கும்படி மனுப்போட்டுக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். என் பக்கம் வேறு கணக்கு இருந்தது. அப்பா கப்பலில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அந்த இடைவெளிக்குப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். அதோடு அம்மாவும் ஒரு விடுமுறைக்கால ஆளாகிவிட்டால், அந்தப் பெண் யாரிடம் சண்டை போடுவாள்? சண்டை போட ஓர் ஆள் எப்போதும் வீட்டில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி. கட்சி ஜெயித்தது.

2006 அக்டோபரில் எர்ணாகுளத்தில் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ஏறினோம். வண்டி கொங்கண் மலைகளையும் குகைப்பாதைகளையும் கடக்கும்போது மகன் ஒவ்வொரு குகைக்கும் கத்தினான். மகள் மேல் பெர்த்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குர்லாவில் இறங்கும்வரை எழுந்து சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம். அவளுக்குக் கொச்சியில் ஒரு தோழி இருந்தாள். அவளும் கடற்படைப் பெண்தான், அப்பா ஹரியானாக்காரர். எங்களுக்கு முன்னதாக அவர்களுக்கு உத்தரவு வந்திருக்கவேண்டியது, தள்ளிப்போய்விட்டது. "அவதான் போகணும், நான் இல்லை" என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பதினொரு வயதில் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் அறியமாட்டார்.

மும்பையில் குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்கவில்லை. வரிசை நீளம். அதனால் நான்கு மாதம் அம்மா வீட்டில், தாராவியில். கீழே ஓர் அறை, ஏணிபோல் செங்குத்தான படி, மேலே ஓர் அறை. கீழே அண்ணன் குடும்பம், மேலே நாங்கள், பெட்டிகள் அறை ஓரமாக அடுக்கி அதன்மேல் படுக்கை. கொச்சியில் புல்வெளி, மைதானம், மரத்தடி சைக்கிள் ஸ்டாண்ட் என்று இருந்த பிள்ளைகள். இங்கே விடியற்காலைத் தண்ணீருக்கு முன்னால் எழுந்தாகவேண்டும். கணவர் கப்பலில் சேர்ந்த பத்தாவது நாள் கடலுக்குப் போய்விட்டார்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரத்தில் வகுப்பு ஆசிரியை ஒருவர் என் மகளைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, "நீ எப்படியும் இரண்டு வருஷத்தில் போய்விடுவாய்" என்றாராம். பெயரும் பள்ளியும் வேண்டாம். அவருக்கு வருஷத்துக்கு எத்தனையோ பிள்ளைகள் இப்படி வந்துபோகிறார்கள், ஒட்டாமல் இருப்பது அவருடைய தற்காப்பாக இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னபோது மகள் அழவில்லை. "அவங்க சொல்றது சரிதானேம்மா" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த ஒரு மாதம் அவள் யாருடைய பெயரையும் வீட்டில் சொல்லவில்லை. சிநேகிதம் பிடிப்பதில்லை என்று முடிவு பண்ணியிருந்தாள்.

போர்ட் பிளேரில் எங்கள் எதிர்வீட்டில் ஸ்ரீகாகுளத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். மூன்று பிள்ளைகள், ஒன்பது மாற்றல். படிப்பு அதிகம் கிடையாது. குழந்தை மனசைப் பற்றி எந்த நிபுணரும் எனக்கு அவரளவு சொல்லித்தந்ததில்லை. தேதி தெரிந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடவேண்டும், "பார்க்கலாம்" என்று மழுப்பக்கூடாது என்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெட்டி, அதில் என்ன வைத்தாலும் பெரியவர்கள் கைவைக்கக்கூடாது. அவர் மகன் ஒரு முறை பெட்டி நிறையக் கூழாங்கல் வைத்துக் கொண்டுபோனான். எடைக்குக் கூலி கொடுத்தார்கள். கிளம்புவதற்கு முதல்நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி, மைதானம், கடை, கோவில் என்று ஒரு சுற்று நடக்கவேண்டும், ஒவ்வோர் இடத்திலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லவைக்கவேண்டும். புது ஊரில் முதல்நாள் இரவு ஓட்டல் சாப்பாடு கூடாது. எவ்வளவு நேரமானாலும் அடுப்பு பற்றவைத்து, பிள்ளைக்குத் தெரிந்த மணம் அந்தப் புது வீட்டில் வரவேண்டும். எங்கள் வீட்டில் அது பூண்டு ரசம். பெட்டி உடைப்பதற்குமுன் ரசப்பொடி டப்பா கைப்பையில் இருக்கும்.

"ஒரு வாரத்தில் மறந்துடுவே, புது சிநேகிதர்கள் கிடைப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே என்பார் அவர். செத்த வீட்டில் போய், வேறு புருஷன் கிடைப்பான் என்று சொல்வதுபோல அது என்று தெலுங்கில் சொன்னார். தெலுங்கில் இன்னும் காரமாக இருந்தது.

ஆகவே தாராவியில் நான் எதுவும் சமாதானம் சொல்லவில்லை. மாட்டுங்கா தபால் ஆபீசில் ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர் வாங்கிவந்து அவள் பெட்டிமேல் வைத்தேன். அப்போது பிள்ளைகள் கையில் செல்போன் இல்லை. மூன்று நாள் கட்டு அப்படியே இருந்தது. நான்காம் நாள் ஒன்று குறைந்திருந்தது. ஹரியானாப் பெண் பதில் எழுதினாள், அவளுக்கும் உத்தரவு வந்துவிட்டது என்று. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் என் மகள் முதல்முறையாக அழுதாள். ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம். என் அம்மா எதுவும் கேட்காமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

(இன்றைய தாய்மார்கள் என்னைவிடச் சிரமப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் பழைய வகுப்பு இருபத்துநான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளை புது ஊரில் உட்கார்ந்துகொண்டு பழைய ஊரின் பிறந்தநாள் விழாவை நேரலையில் பார்க்கிறது. கடிதம் வந்துசேர நான்கு நாள் ஆனதில் ஒரு கருணை இருந்தது.)

தாராவியில் அவளை மிகவும் தொந்தரவு செய்த கேள்வி, "எந்த ஊர் பாப்பா?" என்பது. தெருவில் எல்லாரும் கேட்பார்கள். அந்தத் தெருவுப் பிள்ளைகளுக்கு அதற்குப் பதில் தயாராக இருந்தது. அம்மா அப்பா பிறந்ததே தாராவியில், தாங்களும் மும்பையைத் தாண்டியதில்லை, பேச்சில் பாதி இந்தி, கால்பங்கு மராத்தி. இருந்தாலும் "திருநெல்வேலி" என்று பட்டென்று வரும். பார்க்காத ஊரைச் சொந்தம் கொண்டாடுகிறவர்கள் நடுவில், ஐந்து ஊரில் வாழ்ந்து ஒன்றையும் சொல்ல முடியாமல் இவள் நின்றாள். "நான் என்னம்மா சொல்லட்டும்? நேவின்னு சொல்லவா?"

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பெற்றோரின் வேலையால் சொந்தப் பண்பாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார். அவரும் கணவரும் அந்த எண்ணத்துக்கு வந்தது 1950களில், இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களைப் பற்றி ஆராய்ந்தபோது. இங்கே வந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்டுபிடித்ததற்குப் பதில், எங்கள் குவார்ட்டர்ஸ் மாதிரி எதையாவது எட்டிப் பார்த்திருந்தால் இந்தியாவுக்குள்ளேயே இந்தியர்கள் அப்படி வளர்வதைப் பார்த்திருப்பார். இன்னொன்றும் படித்தேன். அமெரிக்காவில் ராணுவப் பிள்ளைகளுக்கு அடையாளப் பூ டேன்டலியன் என்று சொல்வார்களாம். காற்று எங்கே கொண்டுபோட்டாலும் முளைக்குமாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றில் பறக்கும் விதையின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

2007 பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் வழக்கம்போல் தெருவில் வரிசையாக அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கலிட்டார்கள். நான் சிறுபிள்ளையில் பார்த்த அதே காட்சி. பானையில் கோலம் போடும் வேலையை யாரோ என் மகளிடம் கொடுத்தார்கள். ஜாம்நகரில் பக்கத்து வீட்டு குஜராத்திப் பெண்களிடம் கற்ற வளைவு ஒன்றும், கொச்சி ஓணத்துப் பூக்கள வட்டம் ஒன்றும் சேர்த்து எதையோ போட்டாள். நான்கு பானைக்காரிகள் தங்கள் பானைக்கும் கேட்டார்கள். அன்று மாலை இரண்டு பெயர்கள் வீட்டுக்கு வந்தன. ஒருத்தி எதிர்ச் சந்து, இன்னொருத்தி தையல்காரர் மகள். பொங்கல் எல்லாவற்றையும் சரிபண்ணிவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த மாதமே மான்கூர்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து மறுபடி பெட்டி கட்டினோம். ஒன்பது கிலோமீட்டர்கூட இருக்காது, அதற்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை சண்டை போட்டாள். "போன மாசமே சொல்லியிருக்கலாம்ல" என்று கத்தினாள். எனக்குப் பாயசம் வைக்கத் தோன்றியது.

மான்கூர்துக்கு அடுத்த சீட்டா கேம்ப்பில்தான் மாலுமிகளின் மாற்றலை முடிவு செய்யும் அலுவலகம் இருக்கிறது. அந்தமானில் ஒரு வீட்டில் அழுகை, விசாகப்பட்டினத்தில் ஒரு வீட்டில் சிரிப்பு, இரண்டும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பதோ தாங்களே மாற்றப்பட்ட மக்கள். அணுமின் ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஒட்டுமொத்தமாகக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசம். எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. மண்ணும் சேறுமாக இருந்த மனையில் இறக்கிவிட்ட மறுநாள், பெரியவர்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே போனார்களாம், பழைய தெருத் தோழர்கள் எந்த வரிசையில் விழுந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. மகள் இந்தக் கதையை அந்த அம்மாளிடம் மூன்று தடவை கேட்டு வாங்கினாள்.

தமிழ் என்று ஒன்றையும் நாங்கள் பெட்டியோடு சுமந்தோம். பல கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாம் மொழி சமஸ்கிருதம்தான். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த வழி தினசரிக் காலண்டர். ஒவ்வொரு ஜனவரியும் மாட்டுங்கா மார்க்கெட்டில் அம்மா ஒன்று வாங்கித் தபாலில் அனுப்பிவிடுவாள், நாங்கள் எங்கே இருந்தாலும். காலையில் தாள் கிழிப்பது மகள், ராசிபலனை உரக்கப் படிப்பது அவள் கடமை. இன்று அவள் தமிழ் நன்றாகப் படிப்பாள். 'வீண் அலைச்சல்', 'இடமாற்றம்' என்ற சொற்களை மற்றச் சொற்களுக்கு முன்னால் கற்றுக்கொண்டாள் என்பது வேறு விஷயம். செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலில் பெயர்ப்பலகைகளைப் படித்துத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே போவாள்.

மகனைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை. சொல்லத் தேவை இல்லாத பிள்ளை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். புது ஊரில் மாலைக்குள் கிரிக்கெட் டீமில் இருப்பான். ஊரைவிட்டுக் கிளம்பினால் மறுநாள் அந்தப் பெயர்களே வாயில் வராது. "பையன் சமர்த்து, எங்கே போட்டாலும் ஒட்டிக்கிறான்" என்பார்கள். எனக்கு மகளின் அழுகையைவிட இந்தச் சமர்த்துதான் கவலையாக இருந்தது. இப்போது அவனுக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு வேலை, ஒரு நகரம். யார் உத்தரவும் இல்லாமலே பெட்டி கட்டுகிறான். சிரித்துக்கொண்டே வருகிறான், சிரித்துக்கொண்டே போகிறான். அவனுக்கும் ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர் வாங்கியிருந்தேன். அது இன்னும் பிரிக்காமல் அவன் பெட்டியில் இருக்கிறது.

கணவர் ஓய்வு பெற்றபின் செம்பூரில் தங்கிவிட்டோம். இனி எங்கள் மாதிரிக் குடும்பங்கள் குறையும் என்று தோன்றுகிறது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களுக்கு நான்கு வருஷம்தான் வேலை, அதன்பின் நாலில் ஒரு பங்குப் பேர்வரைதான் நீடிப்பார்கள். கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறப்பதற்குமுன் பலர் வீடு திரும்பிவிடுவார்கள்.

மாறாக, ஒரே இடத்தில் நான்கு தலைமுறை இருந்த என் அண்ணன் வீட்டில் இப்போது பெட்டி கட்டும் பேச்சு. தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை 2022இல் அதானி குழுமம் வென்றது. திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் உள்ளவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே. அண்ணன் கீழே இருக்கிறார். அவர் மகளும் மருமகனும் பேரனும் மேலே, நாங்கள் நான்கு மாதம் இருந்த அதே அறையில். ஒரு செங்குத்துப் படி அந்தக் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கக்கூடும். பையனுக்கு ஒன்பது வயது. அளவெடுக்க வந்தவர்கள் கதவில் நம்பர் எழுதிப்போன நாளிலிருந்து, "நாம எப்பப் போறோம், எங்கே போறோம்" என்று கேட்கிறான். தேதி யாருக்கும் தெரியாது. எங்களுக்காவது உத்தரவில் தேதி இருந்தது.

போன தீபாவளிக்கு வந்த என் மகள் அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துத் தோழர்களின் விலாசம் எழுதிவைக்கச் சொன்னாள். அவன் நான்கு பேருக்கு எழுதிவிட்டு நிறுத்தினான். "அத்தே, இந்த வீடெல்லாமும்தானே இடிப்பாங்க. இந்த அட்ரஸ்ல யார் இருப்பா?" என்றான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நான்கையும் அடித்துவிட்டு, ஒவ்வொருவன் பெயருக்கும் நேரே அவனவன் சொந்த ஊரை எழுதச் சொன்னாள். பையன் சந்தில் ஓடிப்போய்ச் சத்தம்போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான். நாங்குநேரி, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பக்கம் நிறைந்தது. ஒருவனுக்கு மட்டும் ஊர் தெரியவில்லை, பாட்டி தூங்கி எழுந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தான்.